ஸ்ட்ரெச்சருக்கு இடம் விடாத ஹெலிகொப்டர்

1965 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் முதன்முறையாகப் பறந்த ஒரு ஹெலிகொப்டரின் உடல் அகலம் ஏறத்தாழ மூன்று அடி. நம் தோட்டத்து லயன் காம்பராவின் கதவு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இரண்டு பேர், அருகருகே அல்ல, ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சுடுபவர், பின்னால், சற்று உயரத்தில், விமானி. மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது. பெல் கம்பனி தன் சொந்தச் செலவில், சில மாதங்களுக்குள் செய்து முடித்த அந்த ஹெலிகொப்டர்தான் பிறகு கோப்ரா என்று பேர் வாங்கியது. தாக்குதலுக்கென்றே வடிவமைக்கப்பட்டுப் பெருமளவில் உற்பத்தியான முதல் ஹெலிகொப்டர் அதுதான்.

அத்தனை சீக்கிரம் எப்படி முடிந்தது என்று கேட்டால், பதில் சுலபம். எஞ்சின், கியர் பெட்டி, மேலே சுற்றும் சுழலி எல்லாமே பழையவை. வியட்நாமில் ஏற்கெனவே படையினரை ஏற்றி இறக்கிக்கொண்டும், காயப்பட்டவர்களை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டும் பறந்த ஹியூ ஹெலிகொப்டரிலிருந்து எடுத்தவை. ஹியூவின் வயிற்றில் ஏறத்தாழ எட்டடி அகலமான ஓர் அறை இருந்தது. பெல் பொறியியலாளர்கள் செய்ததெல்லாம் அந்த அறையை அகற்றியதுதான். உடல் ஒடுங்கினால் எதிரே நின்று சுடுபவனுக்குக் குறி சிறுக்கும். காற்றின் தடை குறையும். மிச்சமாகும் எடை முழுவதும் துப்பாக்கிக்கும் ரொக்கெட்டுக்கும் போகும்.

போர் ஹெலிகொப்டரின் வடிவமைப்பு வரலாறு முழுக்க இந்த ஒரு முடிவைத்தான் சுற்றிவருகிறது: வயிற்றில் இருந்த மனிதனை இறக்கிவிடுவதா, வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் மட்டும் உரியதல்ல. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் மலைச்சரிவில் லயன் வரிசைகளில் குடியிருக்கிற நம்மவர்களுக்கு அது இன்னும் நெருக்கமான கேள்வி.

ஏனென்றால் நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. 2003 மே 17: இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும், பலாவெல பகுதியில் மலையே இறங்கி வந்தது. 2016 மே 17: அதே திகதி. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பெரும்பாலோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியவில், களுப்பஹன தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அரநாயக்கவைப் பற்றி நாடு பேசிய அளவுக்குக் களுப்பஹனவைப் பற்றிப் பேசவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. பிறகு 2017 மே மாதக் கடைசி வாரம்: களுகங்கை பெருக்கெடுத்துக் கலவானை, எஹெலியகொட, அயகம என்று ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கேகாலை மாவட்டமும் தப்பவில்லை.

இந்த எல்லா நாட்களிலும் பாதை அறுந்த தோட்டத்தில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்தது ஒரே சத்தத்துக்காகத்தான். வருகிற ஹெலிகொப்டர் எந்த வகை என்பது அப்போது வேடிக்கையான விபரம் அல்ல.

வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்ப்போம். போர்க்களத்தில் ஹெலிகொப்டர் செய்த முதல் வேலை சுடுவதல்ல, தூக்குவது. 1944 ஏப்ரலில் பர்மாக் காட்டுக்குள் விழுந்த சிறு விமானத்தின் விமானியையும் காயப்பட்ட மூன்று பிரித்தானிய வீரர்களையும் அமெரிக்காவின் சிகோர்ஸ்கி ஆர்-4 ஹெலிகொப்டர் ஒன்று மீட்டது. அதில் விமானியைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். ஆகவே ஒவ்வொருவராக, நான்கு தடவை. பர்மாவின் வெக்கையில் எஞ்சின் சூடேறிப்போக, ஆறவிட்டுத்தான் அடுத்த நடை போக முடிந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள காற்று இலேசானது. சுழலிக்கு அதில் பிடிமானம் குறைவு. அன்றைய விமானி பட்ட பாட்டை இன்றைக்கும் தெரணியகல பள்ளத்தாக்கில் அந்தரத்தில் நிற்க முயலும் எந்த விமானியும் படத்தான் வேண்டும்.

அடுத்த கட்டம் அல்ஜீரியா. 1950களின் நடுப்பகுதியில் அங்கே பிரெஞ்சுப் படை ஹெலிகொப்டரில் துப்பாக்கி பொருத்திப் பார்த்தது. ஆரம்பப் பரிசோதனைகளில் ஒன்று மறக்க முடியாதது. சிறிய பெல் 47 ஹெலிகொப்டரின் இரு பக்கமும் காயப்பட்டவர்களைக் கிடத்திக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர்கள் மாட்டப்பட்டிருக்கும். அந்த ஸ்ட்ரெச்சரில் ஒரு சிப்பாயை இயந்திரத் துப்பாக்கியோடு குப்புறப் படுக்க வைத்தார்கள். நோயாளி கிடக்க வேண்டிய இடத்தில் சுடுபவன். பத்து வருடங்களுக்குப் பிறகு கோப்ரா அந்த இடமாற்றத்தை நிரந்தரமாக்கியது.

ரஷ்யாவில் மட்டும் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். மிகைல் மில். அவருடைய எம்.ஐ.-8 ஹெலிகொப்டர் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. பறக்கும் கவச வண்டி ஒன்று வேண்டும், அது சுடவும் வேண்டும், வீரர்களைச் சுமக்கவும் வேண்டும் என்பது மில்லின் எண்ணம். 1966இல் மாதிரி வடிவத்தைக் காட்டினார். 1969 செப்டம்பரில் எம்.ஐ.-24 முதன்முறை பறந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மில் இறந்துபோனார். மிச்ச வேலையை மராட் திஷ்செங்கோ முடித்தார். முன்னால் துப்பாக்கி, இரு பக்கமும் குட்டை இறக்கைகளில் ரொக்கெட்டுகள், நடுவில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. வடக்கு கிழக்கில் அந்த உருவத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

அந்தக் குட்டை இறக்கைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. எம்.ஐ.-24 வேகமாக முன்னோக்கிப் போகும்போது அந்த இறக்கைகள் விமானத்தின் இறக்கை போலவே வேலை செய்யும். மொத்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை அவையே தாங்கும். சுழலிக்குப் பாரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. மணிக்கு 335 கிலோமீற்றர் வரை போகும். இதே ரகத்தில் சிறப்பாகத் தயாரித்த ஒன்று 1978இல் 368 கிலோமீற்றர் வேகம் காட்டி உலக சாதனை படைத்தது. ஆனால் அதே ஹெலிகொப்டரை ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்திப் பாருங்கள். சுழலி கீழே தள்ளும் காற்று நேரே அந்த இறக்கைகளின் மேல் விழுகிறது. தூக்க வேண்டிய காற்றே அழுத்துகிறது. அதனால்தான் முழுப் பாரத்தோடு எம்.ஐ.-24 நின்ற இடத்திலிருந்து எழும்பச் சிரமப்படும். விமானம் போல ஓடுபாதையில் கொஞ்சம் ஓடி எழுவதுதான் அதற்கு வசதி.

மீட்பு வேலைக்கு வேண்டியதோ நேர் எதிரானது. மலைச்சரிவில் இறங்க இடமில்லாதபோது விமானி அந்தரத்தில் நிற்க வேண்டும், சில நிமிடமாவது, ஒரே இடத்தில். கம்பி இறங்கும், ஆள் ஏறுவார். எம்.ஐ.-24இன் தம்பி முறையான எம்.ஐ.-17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குடும்பம் ஒன்றே. ஆனால் இறக்கை கிடையாது. பெரிய வயிறு உண்டு. இருபத்துநான்கு பேரை உட்கார வைக்கலாம், அல்லது பன்னிரண்டு ஸ்ட்ரெச்சர்களை அடுக்கலாம். பின்பக்கக் கதவைத் திறந்தால் அரிசி மூட்டை, கூடாரம், படகு எதுவும் உள்ளே போகும். எஞ்சின் ஒன்று, உடல் இரண்டு. ஒன்று 335 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சுடும். மற்றது மெதுவாக வந்து நின்று தூக்கும்.

மில்லின் கனவு கடைசியில் என்ன ஆனது? ஆப்கானிஸ்தான் போரில் எம்.ஐ.-24 விமானிகள் பெரும்பாலும் அந்த எட்டுப் பேர் அறையை வெறுமையாகவே விட்டுவிட்டுப் பறந்தார்கள், ஆட்களை எம்.ஐ.-8 சுமந்தது. 1982இல் பறந்த எம்.ஐ.-28இல் அறையே எடுக்கப்பட்டுவிட்டது. பின்பக்கம் ஒரு சிறு பொந்து மட்டும் மிச்சம், விழுந்த ஹெலிகொப்டரின் இரண்டு மூன்று விமானிகளைத் தூக்கிவர. கோப்ராவை வடிவமைத்தவர்கள் 1965இல் எடுத்த முடிவுக்கே ரஷ்யர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இனி நம் வானத்துக்கு வருவோம். ஹெலிகொப்டரும் போரும் சப்ரகமுவவில் முதன்முதலாகச் சந்தித்தது 1971 ஏப்ரலில். ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்த 5ஆம் திகதி இரவுக்குப் பிறகு கேகாலை மாவட்டத்தின் பல பகுதிகள் அரசின் கையை விட்டுப் போயின. ஏக்கலை விமானப்படைத் தளமே தாக்குதலுக்கு உள்ளானது. அப்போது அரசிடம் தாக்குதல் ஹெலிகொப்டர் என்று ஒன்றும் இல்லை. இருந்தவை ஐந்து பேர் உட்காரும் சின்னஞ்சிறு ஜெட் ரேஞ்சர்கள். முற்றுகைக்குள்ளான பொலிஸ் நிலையங்களுக்குத் தோட்டா கொண்டுபோகவும் காயப்பட்டவர்களைக் கொண்டுவரவும் அவையே பறந்தன. இந்தியா ஹெலிகொப்டர்களும் விமானிகளும் அனுப்பியது. பாகிஸ்தானும் அனுப்பியது. கிழக்குப் பாகிஸ்தான் விவகாரத்தில் முறைத்துக்கொண்டு நின்ற இரு நாடுகளின் ஹெலிகொப்டர்களும் அந்த மாதத்தில் இலங்கையில் ஒரே அரசுக்கு உதவிக்கு நின்றன. அமெரிக்கா பெல் 47, சோவியத் யூனியன் கா-26 என்று வல்லரசுகளும் ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்தன.

தோட்டத்து மக்கள் அந்த நாட்களில் இரு பக்கத்துக்கும் அஞ்சியே வாழ்ந்தார்கள். 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்பது ஜே.வி.பி. தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று. மலையகத் தொழிலாளியை அந்த விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டிய வகுப்பு அது. மறுபுறம் கிளர்ச்சியை அடக்க வந்த படைக்கும் காட்டோரத்தில் நடமாடும் எவரும் சந்தேகத்துக்குரியவர்தான். மேலே சுற்றுகிற இயந்திரம் நமக்காக வருகிறதா, நம்மை நோக்கி வருகிறதா என்று தெரியாமல் நிற்பது எப்படி என்பதை யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் முன்னால் கேகாலை ஓரளவு அனுபவித்துவிட்டது.

1980களில் போர் வடக்குக்குப் போனபோது விமானப்படை பெல் 212 ஹெலிகொப்டர்களின் கதவில் இயந்திரத் துப்பாக்கியும் பக்கத்தில் ரொக்கெட் குழாயும் பொருத்திச் சமாளித்தது. பெல் 212 வேறொன்றுமல்ல, ஹியூவுக்கு இரண்டு எஞ்சின் வைத்த வடிவம். 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது எம்.ஐ.-24இன் ஏற்றுமதி வடிவமான எம்.ஐ.-25 குடாநாட்டு வானத்தில் தோன்றியது. இலங்கை தனக்கென எம்.ஐ.-24 வாங்கியது 1995இல். ஹிங்குராக்கொடையில் 9ஆம் இலக்கத் தாக்குதல் ஹெலிகொப்டர் அணி அமைந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவற்றில் சில சுட்டு வீழ்த்தப்பட்டன. விழாத நாட்களில் அவற்றின் கீழே யார் இருந்தார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. போர் 2009 மேயில் முடிந்தது. எந்த வேலைக்காக அவை வாங்கப்பட்டனவோ அந்த வேலையும் அதோடு முடிந்தது.

பக்கத்து நாட்டில் வேலை முடியவில்லை. இன்று ஆசியாவில் தாக்குதல் ஹெலிகொப்டர் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்பினால் பெங்களூருவைப் பார்ப்பதே நல்லது. 1999இல் கார்கில் மலைகளில் போர் மூண்டபோது இந்தியாவிடம் இருந்த, எம்.ஐ.-24 வகையைச் சேர்ந்த எம்.ஐ.-35கள் அவ்வளவு உயரத்தில் வேலைக்கு ஆகவில்லை. வேறு வழியில்லாமல் சுமை தூக்கும் எம்.ஐ.-17இல் ரொக்கெட் பொருத்தி அனுப்பினார்கள். மே 28 அன்று அவற்றில் ஒன்று தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கு இரையானது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். அந்த இழப்பிலிருந்துதான் இலகு ரகப் போர் ஹெலிகொப்டர் ஒன்றை நாமே செய்வோம் என்ற எண்ணம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் வலுப்பட்டது. 2006இல் அரசு அனுமதி. 2010 மார்ச் 29 அன்று முதல் பறப்பு. அதன்பின் மாதிரிக்கு மாதிரி எடையைக் குறைப்பதற்கே பொறியியலாளர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2015இல் சியாச்சின் பனிமலையில், நாலாயிரத்து எழுநூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அது இறங்கிக் காட்டியது. 2022 ஒக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் 'பிரசண்ட்' என்ற பெயரோடு இந்திய விமானப்படையில் சேர்ந்தது. கார்கிலிலிருந்து எண்ணினால் இருபத்துமூன்று வருடம்.

அதன் பூர்வீகத்தையும் பாருங்கள். இரண்டு சக்தி எஞ்சின்கள், இரும்புக் கீல் இல்லாத நாலு அலகுச் சுழலி எல்லாம் 'துருவ்' என்ற பொதுப்பயன்பாட்டு ஹெலிகொப்டரிலிருந்து வந்தவை. துருவில் பன்னிரண்டு பேர் போகலாம். பிரசண்டில் இருவர். கோப்ராவின் கதையே மறுபடியும், இந்த முறை கன்னட நாட்டில். முன்மூக்கில் 20 மில்லிமீற்றர் பீரங்கி; சுடுபவர் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். இறக்கையில் 70 மில்லிமீற்றர் ரொக்கெட்டுகள், வானிலேயே எதிரி விமானத்தைத் தாக்கும் ஏவுகணைகள். நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. இமயமலையின் இருபுறமும் படை நிற்கிற நாட்டுக்கு அதன் தேவையும் புரிகிறது.

2025 மார்ச் 28 அன்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 156 பிரசண்ட்களுக்கு ஒப்பந்தம் செய்தது. பயிற்சி, துணைக்கருவிகள் உட்பட 62,700 கோடி இந்திய ரூபா. சராசரியாக ஒன்றுக்கு நானூறு கோடி. நம் தோட்டங்களில் இந்திய உதவியோடு கட்டப்படும் வீட்டுக்கு ஒதுக்கீடு இருபத்தெட்டு இலட்சம் இலங்கை ரூபா. கணக்குப் போட்டால் ஒரு பிரசண்டின் விலையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்ட வீடுகள் எழும்பும். இந்தியா எதை வாங்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இந்த விலையை நம் கஜானா தாங்குமா என்று கேட்க உரிமை உண்டு.

இப்போதைக்கு எவரும் இலங்கைக்குப் புதிய தாக்குதல் ஹெலிகொப்டரை விற்க முன்வந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் பழைய எம்.ஐ.-24 வகை ஹெலிகொப்டர்கள் என்றென்றும் பறக்கப்போவதில்லை. அவற்றைத் தொடர்ந்து பராமரிப்பதா, பதிலுக்கு வேறு வாங்குவதா, அணியையே கலைப்பதா என்ற கேள்வி ஒருநாள் மேசைக்கு வந்தே தீரும். 'ஒரு நாட்டுக்குத் தாக்குதல் ஹெலிகொப்டர் இல்லாமலா?' என்று அன்றைக்குச் சில ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொலைக்காட்சியில் கேட்பார்கள். கேட்கட்டும். 2009 மேக்குப் பிறகு உள்நாட்டுப் போர் இல்லாத, தரை எல்லையே இல்லாத தீவு இது. கடலில் போதைப்பொருள் கடத்தும் படகை மறிக்க ராடரும் நீண்ட நேரம் பறக்கும் திறனும் வேண்டும். கவசமும் ரொக்கெட்டும் அல்ல. வயிற்றில் இடமுள்ள ஹெலிகொப்டருக்கு வேண்டுமானால் கதவில் துப்பாக்கி வைக்கலாம். 1980களில் நம் விமானப்படையே வைத்துக் காட்டியது. ஒடுங்கிய ஹெலிகொப்டருக்குள் ஸ்ட்ரெச்சர் வைக்க எந்தத் தொழில்நுட்பவியலாளராலும் முடியாது.

நம் விமானப்படைக்கு வெளிநாட்டில் நல்ல பேரையும் வருமானத்தையும் வாங்கிக் கொடுத்ததும் அகன்ற வயிற்றுக்காரன்தான். 2014 முதல் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படைக்காகப் பறந்தவை எம்.ஐ.-17கள். எம்.ஐ.-24கள் அல்ல.

அப்படியானால் நமக்கு எப்படிப்பட்ட ஹெலிகொப்டர் வேண்டும்? வடிவமைப்புப் பணி எப்போதும் ஒரு தேவைப் பட்டியலில்தான் தொடங்கும். கோப்ராவுக்கு அந்தப் பட்டியலை வியட்நாம் எழுதியது. பிரசண்டுக்குக் கார்கில் எழுதியது. நம்முடையதைப் புளத்கொஹுப்பிட்டிய எழுதட்டும். மழைக்கால ஈரக்காற்றில் முழுப் பாரத்தோடு அந்தரத்தில் நிற்கும் சக்தி முதலில் வேண்டும். எஞ்சின் இரண்டு, ஒன்று நின்றாலும் மற்றது பள்ளத்தாக்கை விட்டு வெளியே கொண்டுவரும் அளவுக்கு. பக்கத்துக் கதவுக்கு மேல் வின்ச். பாட்டி ஒருத்தி, பச்சைக் குழந்தையோடு ஒரு தாய், கால் முறிந்த கொழுந்து பறிக்கும் தங்கச்சி எல்லோரும் பதற்றமில்லாமல் ஏறக்கூடிய தாழ்வான கதவு. இறப்பர் மரத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவே புகுந்து வெளியே வரக்கூடிய சுழலி அளவு. இரவிலும் மூடுபனி ஓரத்திலும் விமானிக்குக் கண்ணாக இருக்கும் கருவிகள். ஒலிபெருக்கி ஒன்று; அதில் தமிழிலும் பேசத் தெரிந்த ஒருவர். இந்தக் கடைசி விஷயத்தை எந்த டெண்டரிலும் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

இதை ஹெலிகொப்டரின் புகழ்பாடலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலை சரியும் நேரத்தில் முகில் இறங்கியிருக்கும், ஹெலிகொப்டர் வராது. வந்தாலும் ஆபத்து விமானிக்கும் உண்டு. 2025 மே 9 அன்று மாதுறுஓயாவில் விழுந்த பெல் 212இல் ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, டித்வா நிவாரணப் பணியில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். பல தசாப்தங்களாக உழைத்துக் களைத்த ஹெலிகொப்டர்களைப் புதுப்பிக்காமல் வீரர்களின் துணிச்சலை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பது நியாயமில்லை. டித்வா நாட்களில் மறுபடியும் இந்தியாவின் எம்.ஐ.-17களும், விக்ராந்த் கப்பலிலிருந்து வந்த சேத்தக்குகளும் நம் மக்களைத் தூக்கின. பாகிஸ்தான் கடற்படைக் கப்பலின் ஹெலிகொப்டரும் வந்தது. 1971இலும் அயலார்தான் வந்தார்கள், 2025இலும் அயலார்தான் வந்தார்கள். இந்த ஐம்பத்து நான்கு வருடத்தில் நாம் வாங்கியவற்றின் பட்டியலை யாராவது நாடாளுமன்றத்தில் கேட்டால் தேவலை.

ஹெலிகொப்டர் கடைசி மருந்து. முதல் மருந்து, அந்தச் சரிவில் ஆள் குடியிருக்காமல் இருப்பது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு வந்தால் வெளியேறு என்கிறார்கள். எங்கே போவது? கிராமத்தவருக்குச் சொந்தக் காணியும் உறவினர் வீடும் இருக்கும். தோட்டத்துத் தொழிலாளிக்கு லயன் காம்பரா கம்பனியுடையது, காணி அரசுடையது. மாற்று நிலம் தர ஒருவர் மற்றவரின் கையெழுத்துக்குக் காத்திருப்பார். காணி உரிமை இல்லாதவரை எச்சரிக்கை வெறும் கடதாசி.

காணிப் பிரச்சினை ஒரு மழைக்காலத்துக்குள் தீராது. ஹெலிகொப்டர் கொள்வனவும் தீராது. ஆனால் ஒன்றை மட்டும் அடுத்த மே மாதத்துக்கு முன்னால் செய்துவிடலாம். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புளத்கொஹுப்பிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, நிவித்திகல. இந்தப் பகுதிகளின் ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு டிவிசனிலும் ஹெலிகொப்டர் இறங்கத் தகுந்த ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலை முற்றம், பாடசாலை மைதானம், கோயில் திடல், வெட்டி முடித்த இறப்பர் காடு, ஏதாவது ஒன்று. சரிவு குறைவா, மண் உறுதியா, மேலே கம்பி போகிறதா, மழையில் சேறாகுமா? விமானப்படை அதிகாரி ஒருவரும் தோட்ட முகாமையாளரும் கிராம சேவகரும் சேர்ந்து நடந்து பார்த்து, இடத்தின் அமைவிடத்தைக் குறித்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு வட்டம். தோட்டத் தலைவர்மாரில் இரண்டு பேருக்கு, ஹெலிகொப்டர் வரும்போது கூட்டத்தை எங்கே நிறுத்துவது, தகரத்தை எப்படிப் பறக்காமல் வைப்பது என்று அரை நாள் பயிற்சி. இரத்தினபுரி, கேகாலை மாவட்டச் செயலாளர்களிடம் இந்தக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை, பாதுகாப்பு அமைச்சின் டெண்டரும் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டமும், அதில் எடுத்த முடிவை நிறைவேற்ற ஓர் ஆளும் போதும்.